உல்லாஸ்நகர் சீழ்க்கை வழக்கு

ஓர் இசைக்குழு ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருக்கும் வரையில் அதன் ரசிகர்கள் அரைகுறை மனிதர்களே. அது மேடையை விட்டு இறங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் முழுமை அடைகிறார்கள். மனித குலத்துக்கு இந்தப் பேருண்மையை வழங்கிய பெருமை மும்பைக்கு, அதிலும் தாராவிக்கு, அதிலும் பை தைக்கும் பட்டறை முதலாளி ஜனாப் ஜெயினுலாப்தீனுக்கு உரியது.

'கறுப்பு மித்தி' ராக் குழுவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து கலக்கும் எங்கள் ஆற்றின் பெயரை மார்தட்டிச் சூட்டிக்கொண்டு, தமிழும் பம்பாய் இந்தியும் கலந்து பாடி, தாணே முதல் பெங்களூர் வரை மேடைகளை அதிரவைத்த குழு அது. போன மழைக்காலம் முடிந்ததும், இனிச் சுற்றுப்பயணம் கிடையாது என்று அறிவித்துவிட்டது. பாடகர் நாணு பல வருஷங்கள் ராட்சத ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றதில் அவர் காது கெட்டுப்போனதுதான் காரணம்.

அறிவிப்பைக் கேட்ட ஜெயினுலாப்தீன் ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, தாம் தலைவராக இருக்கும் ரசிகர் பேரவையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். செம்பூரில் இருக்கும் நாணுவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மகத்தான துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட சில்லறை யோசனைகள் வருவதில்லை.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும், தையல் மெஷின்கள் ஓய்ந்த பட்டறையில் 'கூட்டுச் செவிமடுப்பு' நடந்தது. மேஜை மேல் ஸ்பீக்கரை வைத்தார்கள். அதற்கு மாலை போடலாமா என்று ஒரு விவாதம் எழுந்தது. பல மதத்தினரும் கூடும் சபை என்பதால் பன்னீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவாயிற்று. பன்னீர் உள்ளே இறங்கி முதல் ஸ்பீக்கர் தியாகியானது. இரண்டாவது ஸ்பீக்கரில் கடைசிச் சுற்றுப்பயணத்தின் உல்லாஸ்நகர் கச்சேரியைப் போட்டுவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்கள்.

அப்படி அழுதுகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பாட்டின் நடுவே டிரம்ஸ் ஒரு கணம் நிற்கும் இடத்தில், கூட்டத்திலிருந்து நீளமாக ஒரு விசில்.

"அல்லா," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் ஜெயினுலாப்தீன். "அது நான்."

பேரவையின் துணைத் தலைவர் வெங்கி கண்ணைத் திறந்தார். மாட்டுங்காவில் இருந்துகொண்டு வங்கி வேலைக்குப் போகிறவர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்.

"நோ நோ பாய், அது என்னோட விசில். ரெண்டு விரல் விசில். கேட்டாலே தெரியலையா?"

"நீங்க அப்ப வடாபாவ் வாங்கப் போயிட்டீங்கல்லா வெங்கி சார். வாயில வடாபாவ வச்சிக்கிட்டு எவனாச்சும் விசில் அடிப்பானா?"

"நான் முழுங்கிட்டுதான் அடிச்சேன்."

இதற்குப் பிறகு பேரவை பாட்டைக் கேட்கவில்லை. விசிலையே திரும்பத் திரும்பக் கேட்டது. உறுப்பினர்கள் தாராவிக் கட்சி, மாட்டுங்காக் கட்சி என்று பிரிந்தார்கள். 'சீழ்க்கை விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. ஜெயினுலாப்தீனுக்கு உறக்கம் குறைந்தது. அவருடைய இளமை, உழைப்பு, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த சாமர்த்தியம் எல்லாம் அந்த விசிலில்தான் பதிவாகியிருப்பதாக அவர் உணர்ந்தார். அதை ஒரு வங்கிக்காரரிடம் விட்டுக்கொடுப்பதா?

முடிச்சை அவிழ்த்தவர் செயலாளர் பேராச்சி. தொண்ணூறடி ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவர்.

"எதுக்குச் சண்ட? மேடையில நின்னவரு நாணு சாருதான. அவர்ட்டயே போயிக் கேட்டுருவோம்."

தீர்மானம் கரவொலியுடன் நிறைவேறியது. காது கெட்ட மனிதரிடம் சத்தத்துக்குச் சாட்சி கேட்கப் போகிறோம் என்ற அற்ப விவரம் யார் கண்ணிலும் படவில்லை.

செம்பூரில் நாணுவின் மனைவி ஸ்மிதா கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு நாற்காலிகளெல்லாம் கூடத்தில் இருந்தன. நாணு புதுச்சட்டை போட்டுக்கொண்டு மடியில் கிதாரோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ பாய், வாங்கோ. டூர் நின்னப்புறம் யாருமே வரலை. நீங்கதான் ஃபர்ஸ்ட்," என்றார், தேவைக்கு மேல் உரத்த குரலில். "வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். டாக்டர் கேரண்டி தரலை. சரியானாலும் ஆகும், இருக்கறதும் போனாலும் போகும்கறார். புதுசா ஒரு பாட்டு போட்டிருக்கேன். அத யாராவது எதிர்ல உக்காந்து கேக்கறச்சே, என் காதால நானும் ஒரு தடவை கேட்டுடணும். அவ்வளவுதான் ஆசை."

"அதுக்கென்ன, தாராளமா கேக்கோம்," என்றார் ஜெயினுலாப்தீன். "அதுக்கு முன்னால ஒரு முக்கியமான விஷயம்."

விஷயத்தை ஸ்மிதா நாணுவின் ஓரளவு கேட்கும் வலது காதில் சொன்னாள். நாணு எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"விசிலா? மேடையிலேர்ந்து பார்த்தா லைட்டுதான் தெரியும் பாய். ஆள் எப்படித் தெரியும்?"

"நீங்க பாடுங்க சார்," என்றார் பேராச்சி, அதே காதருகே குனிந்து. "நடுவுல ரெண்டு பேரும் அடிச்சுக் காட்டுவாங்க. எது உல்லாஸ்நகர் விசில்னு சொல்லிருங்க."

"பாடப்போறது புதுப் பாட்டாச்சே."

"எந்தப் பாட்டா இருந்தா என்ன? விசில் விசில்தானே," என்று சட்ட நுணுக்கத்தை விளக்கினார் வெங்கி.

ஆதாரத்துக்காக ஜெயினுலாப்தீன் தம் போனில் பதிவு செய்தார். நாணு கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். முதல் அடியில் ஜெயினுலாப்தீன் விசில் அடித்தார். இரண்டாம் அடியில் வெங்கி பதிலடி கொடுத்தார். அதன்பின் அடிக்கணக்கு பார்க்காமல் இருவரும் உழைத்தார்கள். இடையில் பக்கத்து வீட்டுக் குக்கரும் ஒரு தரம் குரல் கொடுத்து உரிமை கோரியது. பாட்டு முடிந்தது.

"சொல்லுங்க சார், எது?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு," என்றார் நாணு. அவர் சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாட்சியின் பொறுப்பின்மையை எண்ணி வருந்தியபடி குழு வெளியேறியது. படிக்கட்டு வரை ஸ்மிதா வந்தாள்.

"பாய், அந்த ரெக்கார்டிங்க எனக்கு அனுப்பறேளா? விசில்ல தன் பாட்டு தனக்கே கேக்கலைங்கறார். வியாழக்கிழமைக்குள்ள அதையாவது போட்டுக் கேக்கணுமாம்."

"கண்டிப்பா," என்றார் ஜெயினுலாப்தீன்.

வீட்டுக்கு வந்ததும் அனுப்புவதற்கு முன்னால் மனைவி ஆபிதாவுக்கு அதைப் போட்டுக் காட்டினார். ஆபிதா மீன் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா வெளங்குது. மொதல்ல அடிச்சது நீங்க. அடுத்தாப்ல அந்த மாட்டுங்காக்காரரு."

ஜெயினுலாப்தீனின் முகம் மலர்ந்தது. ஒருவழியாக நீதி கிடைத்துவிட்டது.

"பின்னால யாரோ பாடுத மாதிரி இருக்கே மச்சான்," என்றாள் ஆபிதா. "அது யாரு?"

பேரவைத் தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தவர், மறுபடி போட்டுக் கேட்டார். ஒரு வரியாவது பிடிபடுமா என்று போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். விசில்தான் கேட்டது. சாயங்காலம் அஸர் தொழுகையில் நின்றபோதும் அதுதான் கேட்டது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுப் பாயிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பேரவை ஆரம்பித்ததிலிருந்து அவர் கலந்துகொண்ட மௌனக் கூட்டம் அது ஒன்றுதான்.

எழுந்து வந்து ஆபிதாவிடம் முழுக்கதையையும் சொன்னார்.

"இதுக்கு எதுக்குக் கூட்டம், குழுவெல்லாம்?" என்றாள் அவள். "நீங்க ஒத்த ஆளா போங்க. இன்னொருக்கப் பாடச் சொல்லுங்க. வாயப் பொத்திக்கிட்டு உக்காந்து கேட்டுட்டு வாங்க. வெறுங்கையோட போகாதீங்க, நாலு பழம் வாங்கிக்கிடுங்க."

புதன்கிழமை மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழப்பையோடு செம்பூருக்குப் போனார்.

"ரெக்கார்டிங்ல நான்தான்மா இருக்கேன். அவரு இல்ல," என்றார் ஸ்மிதாவிடம். "அவரு பாடினா, இப்ப ஒழுங்கா உக்காந்து கேக்கேன்."

நாணு கிதாரை எடுத்தார். ஜெயினுலாப்தீன் எதிரே உட்கார்ந்து, முன்ஜாக்கிரதையாக இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

ராக் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சின்னப் பாட்டு. குர்லாவில் ரயிலேறும் ஒருவன், கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுக்கிறான். கோவண்டியில் அவள் இறங்கிப் போகிறாள். அவன் மறுபடி உட்காரும்போது இருக்கையில் குழந்தையின் சூடு இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பட்டறையில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வழிந்த கண்ணீரெல்லாம் எந்த வகையைச் சேர்ந்தது என்று ஜெயினுலாப்தீனுக்கு அப்போது விளங்கியது. இப்போது வழிந்த கண்ணீர் யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. கை தட்டக்கூட மனம் வரவில்லை அவருக்கு. மூச்சையும் அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தாம் செய்யக்கூடிய ஆகப்பெரிய மரியாதை அதுதான் என்று நினைத்தார்.

கண்ணை மூடியபடியே இருந்த நாணுவின் முகம் வெளிறியது. பக்கத்தில் துழாவி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்மிதா, போயிடுத்து. சுத்தமா போயிடுத்து. ஒண்ணுமே கேக்கலை."

ஜெயினுலாப்தீன் பதறி எழுந்து அவருடைய வலது காதருகே குனிந்தார்.

"ஒண்ணும் போகல சார். நான் சும்மாதான் உக்காந்திருந்தேன்."

நாணு கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"அத முன்னாடியே சொல்லப்படாதோ பாய். இத்தனை வருஷத்துல நான் பாடி நீங்க சும்மா இருந்ததே இல்லை. பாட்டு கேட்டுது. முடிஞ்சப்புறம் நீங்க எதிர்ல இருந்தும் ஒரு சத்தமும் வரலைன்னா, காதுதான் போயிடுத்துன்னு நினைக்கமாட்டேனா?"