வீங்கிப்போன எலி மூளை

புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் எனக்கு அபாரத் திறமை உண்டு. அந்தத் திறமையால் ஒரு முறை மருத்துவ உலகத்தையே புரட்டிப்போடப் பார்த்தேன்.

கோயமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு புது மருந்து மூளையை என்ன செய்கிறது என்று பார்க்க, எலியின் மூளையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு படமும் பூதம். சாஃப்ட்வேரில் திறந்தால் கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். அந்தப் படங்களை வில்லையின் விளிம்போடு வெட்டி, சின்னதாக்கிக் கொடுப்பது என் வேலை.

எங்கள் தலைவர் பூங்கொடி மேடம், "ஸ்டெல்லா, ரீசைஸ் பண்றப்ப ஸ்கேல் மாறாம பாத்துக்கோங்க. தெரியுமில்லீங்க?" என்றார். தலையாட்டினேன். (எனக்குத் தெரிந்த ஸ்கேல் பென்சில் டப்பாவில் இருப்பது மட்டும்தான்.)

திரையில் அகலம் என்று ஒரு கட்டம், சதவீதம் என்று ஒரு கட்டம். எதை நிரப்புவது? சதவீதம் என்றாலே கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிடும். அகலத்தில் ஓர் எண்ணைப் போட்டு, எல்லாப் படங்களுக்கும் அதையே கொடுத்தேன். அத்தனையும் ஒரே அளவில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றன.

பிறகுதான் அதிசயம். அதில் ஏற்கெனவே இருந்த சாதாரண எலி மூளையின் அளவோடு ஒப்பிட்டு, மருந்து கொடுத்த எலிகளுக்கு மூளையின் முன்பகுதி பல மடங்கு வீங்கியிருப்பதாக சாஃப்ட்வேர் சொன்னது! ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஓட்டினேன், அதே வீக்கம். பெரிய கண்டுபிடிப்பெல்லாம் குழப்பத்தில்தானே தொடங்கும் என்று தேற்றிக்கொண்டேன். (மருந்து கொடுக்காத எலிகளின் படங்களை நான் இன்னும் தொடவே இல்லை என்பது வேறு விஷயம்.)

கிணத்துக்கடவில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எலிக்கு மூளை வளந்துபோச்சா கண்ணு? அப்ப மனுசனுக்கும் வளருமா?"

"வளரலாம்மா."

அந்த "லாம்" அம்மாவின் காதில் விழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், பூசையில் ஃபாதர் அறிவிக்கிறார்: "நம்ம பங்குக் கோயில் மக ஸ்டெல்லா மூளை வளர மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. ஆண்டவருக்கு நன்றி சொல்வோம்." கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. வெளியே வந்ததும் ஓர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக்காரருக்கு அதுல கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் படங்களைக் காட்டினேன். பூங்கொடி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"பின்பக்கமும் வீங்கியிருக்கே ஸ்டெல்லா?"

"ஆமாங்க மேடம். அங்கயும்தானுங்க."

"ரீசைஸ் எப்படிப் பண்ணுனீங்க?"

"எல்லாத்துக்கும் ஒரே அகலம் வெச்சேனுங்க."

அறையில் யாரோ இருமினார்கள். (சிரிப்பை அடக்கிய இருமல் அது என்று இப்போது தெரியும்.)

"வெள்ளரிக்கா நறுக்குனா நுனித்துண்டு சின்னதா, நடுத்துண்டு பெருசா இருக்குமில்லீங்க? எல்லாத்தையும் ஒரே சதவீதம் கொறைச்சிருக்கணும். நீங்க நுனியவும் நடுவாக்கிப்போட்டீங்க. எலிக்கு ஒண்ணும் ஆகலீங்க. வீங்குனது உங்க படந்தான்."

தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை, டைல்ஸ் தரை. அன்றே எல்லாப் படங்களையும் சதவீதக் கணக்கில் மாற்றினேன். வீக்கம் வடிந்தது. மருந்து எதையும் செய்யவில்லை என்பதுதான் கடைசியில் முடிவு. மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க சாமி" என்றதோடு விட்டுவிட்டார். அம்மாவிடம் ரீசைஸ் கதையை ஒப்புக்கொண்டேன்; ஊரில் நடந்ததைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மருந்து கேட்ட அக்காவின் கண்ணில் படாமல் பல ஞாயிறுகள் கோயிலின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்வந்தேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி பரிமாறும்போது, பேச்சு சுவாரசியத்தில் அவள் தட்டிலும் அவள் அப்பா தட்டிலும் ஒரே அளவாக வைத்துவிட்டேன். குவியலுக்குப் பின்னால் குழந்தையின் முகம் தெரியவில்லை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, புள்ளையவும் ரீசைஸ் பண்ணிப்போட்டியா?"