வந்துட்டனுங்க

காரைக்காலில் பிறந்து, காரைக்காலில் படித்து, காரைக்காலிலேயே குமாஸ்தாவாகி, ஐம்பத்தாறு வருஷமாக நான் பார்க்காத காரைக்காலை ஒன்பதே நாளில் பார்த்துவிட்டுப் போனவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் பெயர் எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஊரே அவரை ‘வந்துட்டனுங்க மேடம்’ என்றுதான் சொன்னது. அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையை முழுசாக எழுத இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது. ஆசிரியர் கொடுத்திருக்கும் இடத்துக்குள் முடிந்த அளவு பொறாமைப்படுகிறேன்.

என் பொறாமையில் நியாயம் உண்டு. புதுச்சேரியிலிருந்து எந்த அதிகாரி வந்தாலும், ஊரைச் சுற்றிக் காட்ட எங்கள் அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்புவார்கள். கடற்கரை, கலங்கரை விளக்கம், அம்மையார் கோயில், அப்படியே திருநள்ளாறு என்று ஒரே மூச்சில் காட்டிவிடுவேன். எந்தக் கடையில் எது எத்தனை மணிக்குச் சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் கர்வத்தோடுதான் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மயிலாடுதுறை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, காரைக்காலில் நல்ல லாட்ஜ் எது என்று கேட்டார்.

அறுபது வயது இருக்கும். நூல் புடவை, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, தலையில் கிரிக்கெட் அம்பயர் போடுகிற மாதிரி ஒரு தொப்பி. கோபிசெட்டிபாளையத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். தனியாகவே ஊர் ஊராகப் போகிறாராம். காரைக்காலில் யாரைத் தெரியும் என்று கேட்டேன்.

“இப்ப உங்களைத் தெரியுமுங்க” என்றார்.

போதாதா? தரங்கம்பாடி தாண்டியதிலிருந்து வழி முழுக்க ஊர்ப் பெருமையை எடுத்துவிட்டேன். கோவில்பத்து வந்தது. என் வீடு அங்கேதான். இறங்கும்போது, தெருவைக் கையால் காட்டி, நாலு பேர் பார்க்க மரியாதையாக, “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் அது அழைப்பு இல்லை. பேச்சை முடிக்கிற முறை. எதிராளி “அதுக்கென்ன, கண்டிப்பா வர்றேன்” என்பார். அவர் வர மாட்டார், நாமும் காத்திருக்க மாட்டோம். இரண்டு குடும்பமும் சௌக்கியமாக இருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணி. நான் லுங்கியும் வாயில் பிரஷ்ஷுமாகக் கொல்லையில் நிற்கிறேன். வாசலில் குரல். “வரச் சொன்னீங்கள்ல, வந்துட்டனுங்க.”

வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன். என் மனைவி நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். இத்தனை சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை என்று நான் இழுத்தேன்.

“ஒரு நாள்னு சொன்னீங்க. இன்னைக்கும் ஒரு நாள்தானுங்களே?”

மாவு தீர்ந்த நாள் அது. அவசரத்துக்கு உப்புமா கிண்டினாள். நான் இருபத்தெட்டு வருஷமாகக் குறை சொல்லிச் சாப்பிடுகிற அதே உப்புமா. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்று என் மனைவியோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கல்யாணமான புதிதில் கேட்டது. நான் சொல்லும் எதற்கும் இப்போது அவள் அப்படிச் சிரிப்பதில்லை. என் பொறாமை அங்கேதான் தொடங்கியது.

புதன்கிழமை சுரக்குடி. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த விவசாயி ஒருவர், “எங்க வயலை வந்து பாருங்க” என்று பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். மேடம் அதே பஸ்ஸில் அவரோடு இறங்கிவிட்டார். அன்று அங்கே நடவு. ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, பெண்களோடு இறங்கி ஒரு வரிசை நட்டிருக்கிறார். கோணலாக வந்த வரிசையைப் பிடுங்க வேண்டாம், அது டீச்சர் வரிசை என்று அந்த விவசாயி சொல்லிவிட்டாராம். என் சொந்த மாமனார் வயலிலேயே என்னை வரப்பைத் தாண்டி விட்டதில்லை.

வியாழக்கிழமை கிளிஞ்சல்மேடு. மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு மீனவர், “ஒரு நாள் கடலுக்கு வாங்க” என்றிருக்கிறார். அன்றைக்கே ஃபைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது அவருக்கு. அலை தாண்டியதும் மேடம் வாந்தி எடுத்தாராம், எடுத்து முடித்ததும் இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா என்று கேட்டாராம். கடலிலிருந்து பார்த்தால் காரைக்கால் ரொம்பச் சின்னதாக, அழகாக இருக்கிறது என்று என் மனைவியிடம் வந்து சொன்னார். ஐம்பத்தாறு வருஷம் இந்தக் கடல் காற்றைக் குடித்தவன் நான். என் ஊர் கடலிலிருந்து எப்படி இருக்கும் என்று கோபிசெட்டிபாளையம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதே மீனவர் என்னிடமும் பல வருஷமாக “வாங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கண்டிப்பாக வருவதாகச் சொல்லிவிட்டு மீனை மட்டும் வாங்கி வந்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க மேடம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் மேலதிகாரி எதிரே வந்தார். சிரித்தால் சஸ்பெண்ட் ஆகிவிடுவோமோ என்று பயப்படுகிறவர் மாதிரி முகம். அவர் வீடு எந்தத் தெரு என்றுகூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெளியூர்க்காரர் என்பதால் மரியாதைக்கு, “வீட்டுப் பக்கம் வாங்களேன் மேடம்” என்று சொல்லித் தொலைத்தார். சனிக்கிழமை மேடம் அங்கே காபி குடித்தார். அதிகாரி மவுத் ஆர்கன் வாசிப்பாராம். மூன்று பாட்டு வாசித்தாராம். ஒன்பது வருஷமாக அவருக்குக் கீழே வேலை பார்க்கிற எங்களுக்கு அவர் வாசித்ததெல்லாம் மெமோதான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது திங்கட்கிழமை வந்தது.

சாயங்காலம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அரசலாறு கடலில் சேருகிற இடத்தில், பாறைக்கல் மேல் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு மேடம் உட்கார்ந்திருந்தார். நேற்று தலத்தெருவில் ஒரு வீட்டில் சுறாப் புட்டு சாப்பிட்டதாகவும், அப்படி ஒரு புட்டை ஆயுசில் சாப்பிட்டதில்லை என்றும் சொன்னார். லாட்ஜில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர் வீடாம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவராம்.

“அவருக்கும் உங்களுக்கும் ஒரே மூக்குங்க” என்றார்.

இருக்காதா? அவர் என் அண்ணன்.

அண்ணனோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பேரைப் பங்குச் சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்போம். அண்ணன் மகன் கல்யாணத்துக்கும் வாசித்தார்கள். மூன்று வாரமும் நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். பத்திரிகை கொண்டுவருவார், வீட்டில் வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. நான் போகவில்லை. “கோயில்ல மூணு தடவை காதுல விழுந்துச்சே, அதுக்கு மேல என்ன அழைப்பு அவனுக்கு?” என்று அண்ணன் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதிலிருந்து ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் இடது பக்கமும் அவர் வலது பக்கமும் திரும்பிக்கொள்கிறோம்.

அண்ணி கையால் சுறாப் புட்டு. வயிறு எரிந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், எத்தனை முறை பரிமாறினார்கள், ரசம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில், கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தாரா?

“விசாரிச்சாருங்க. கோவில்பத்துல சாப்பிட்டேன்னு சொன்னதும், அவன் வீட்டுல என்ன போட்டாங்கன்னாரு. உப்புமான்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பறம், அவனை வரச் சொல்லுங்கன்னாரு” என்றார்.

அது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றேன். இந்த ஊர் வழக்கம் அவருக்குப் புரியாது என்றேன். கூப்பிடுவது என்றால் நேரில் வந்து முறையாகக் கூப்பிட வேண்டும் என்றேன். ஆறு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகிய வசனம், தங்கு தடையில்லாமல் வந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். “என்னையும் அதே வார்த்தை சொல்லித்தானுங்க கூப்பிட்டாரு. எனக்குப் புட்டு வந்துச்சே?”

எனக்கு வந்தது வாட்ஸப்பில் என்றேன்.

“எங்க ஊர்ல முப்பது வருஷமா வாங்க வாங்கன்னாங்க. லீவு வரட்டும், ரிட்டயர் ஆகட்டும்னு ஒருத்தர் வீட்டுக்கும் போகலீங்க. ரிட்டயர் ஆகிப் போய்ப் பார்த்தா, கூப்பிட்டவங்கள்ல பாதிப் பேரு இல்லீங்க.” தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். “அதுலருந்து யார் சொன்னாலும் அன்னைக்கே, இல்லீன்னா மறுநாளே போயிடறனுங்க.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலத்தெருவுக்குப் போனேன். பாசத்தால் போனேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொறாமையால்தான் போனேன். எங்கிருந்தோ வந்த ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் நான் உட்காரவில்லை என்ற எரிச்சல் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. அண்ணன் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு, கையில் செம்புக் கம்பியோடு இருந்தார். தலை முழுசாக நரைத்திருந்தது. கோயிலில் இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்ததில் அதை நான் கவனித்திருக்கவில்லை.

“வரச் சொன்னியாம்” என்றேன்.

கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஞாயித்துக்கிழமை சொன்னேன். இன்னைக்குத்தான் வர்ற” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “இந்தா, இவன் வந்துருக்கான், எலையப் போடு” என்றார். அண்ணியிடம் சௌக்கியமா என்று கேட்க மறந்து, இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். சத்தியமாக நினைவில்லை.

மறுநாள் மேடம் ஊருக்குக் கிளம்பினார். ஈரோடு வழியாகப் போகும் எர்ணாகுளம் ரயிலில் அவரை ஏற்றிவிட நான் மட்டும் போகிறேன் என்று நினைத்திருந்தேன். ஸ்டேஷனில் பார்த்தால் சுரக்குடி, கிளிஞ்சல்மேடு, எங்கள் அதிகாரி, அண்ணன், அண்ணி என்று ஒரு கூட்டம். ஆளுக்கு ஒரு பொட்டலம். அவருக்குத் தாங்கள்தான் நெருக்கம் என்ற நினைப்பு ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது. அதிகாரியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். வண்டி நகரும்போது அவர் எல்லோரையும் பார்த்து, “கோபிக்கு வாங்க, எல்லாரும் வரோணும்” என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல், கோபிக்குப் போக ஈரோட்டுக்கு டிக்கெட் எடுக்க ரிசர்வேஷன் கவுன்ட்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் ஃபாரம் எழுதப் பேனா கேட்டுத் திரும்பினார். அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தோம். அண்ணன் என் பேனாவை வாங்கி, தன் பேருக்குக் கீழே என் பேரையும் வயதையும் எழுதினார். என் வயது அவருக்குச் சரியாக நினைவிருந்தது.

அடுத்த மாசம் போகிறோம். வாசலில் எங்களைப் பார்த்ததும் அந்தம்மா முதலில் யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்பதுதான் இப்போது என் ஒரே கவலை.