ஏரம்பருக்கு வேர்க்கவில்லை

"ஒரு சொட்டும் வருதில்லையே, ஐயா!" லக்சிகா ஏரம்பரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முழங்கைக்குக் கீழே, தபால் முத்திரை அளவில் ஒரு கண்ணாடிப் பட்டி ஒட்டியிருந்தது. அதற்குள் தலைமயிர்ப் பருமனில் ஒரு வாய்க்கால். வேர்வை தானாகவே அதில் ஏறி, நீலமாகி, கடைசி வட்டத்தைத் தொடவேண்டும். உடம்பில் தண்ணீர் குறைவென்றால் வட்டம் சிவக்கும். இன்றைக்கும் வேர்வை அதில் ஓடாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே கைவிடும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார். வேலணை ஊரில் ஏரம்பரைப்போல வேர்க்கிற ஆள் இல்லையென்று கேள்விப்பட்டுத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"மோட்டர் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை மேல ஏறும்?" ஏரம்பரின் மனைவி பரிமளம் கேட்டாள்.

"சீலைத் தலைப்புத் தண்ணியில பட்டால் மேல மேல நனையுமெல்லே அம்மா, அதுமாதிரி."

"அப்ப ஏன் ஏறேல்லை?"

லக்சிகா குனிந்தாள். கை கமகமவென்று மணந்தது. "பவுடர் போட்டனீங்களோ?"

"கம்பசிலயிருந்து ஆள் வருகுதெண்டால் குளிச்சு வெளிக்கிடாமல் இருக்கேலுமோ?" ஏரம்பருக்கு மனம் நொந்துவிட்டது.

மண்வெட்டியால் கொஞ்சம் கொத்தினால் சரிவரும் என்று அவரை வெங்காயத் தோட்டத்துத் தறைக்கு அனுப்பினாள். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கொத்துகிறவரைப் பார்க்க வேலிக்கு மேலால் தலைகள் முளைத்தன. வேர்வை வந்தது, ஆறாக வந்தது. பவுடரோடு குழைந்து களியாகி வாய்க்காலின் வாயை அடைத்தது. கொண்டுவந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு பட்டி.

கையைக் கிணற்றடியில் கழுவச் சொன்னாள். மனிதர் தலையிலும் நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு குளுகுளுவென்று வந்து நின்றார். லக்சிகாவுக்கு அழுகை வந்தது.

"வேர்க்கிற மாதிரி உறைப்பா ஒரு ரசம் வைக்கிறன். ஆனால் வந்த ஆளை விட்டிட்டு இவர் தனியக் குடிக்கமாட்டார்," என்றாள் பரிமளம்.

மறுக்கவா முடியும்? ஏரம்பர் பச்சைத்தண்ணீர்போலக் குடித்து முடித்தார். லக்சிகாவுக்குக் காதால் புகை போனது. கண்ணீரும் மூக்குமாக, கடைசிப் பட்டியை அவருடைய ஈரக்கையில் வைத்தாள். வழுக்கியது. விடுவாளா? பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள். மின்விசிறியையும் நிற்பாட்டியாயிற்று.

நீலக்கோடு மெல்ல அசைந்தது. மூன்று தலைகளும் ஒன்றாய்க் குனிந்தன.

"ஓடுது! இஞ்ச பாருங்கோ, ஓடுது!"

கோடு வளைந்து வளைந்து போய் வட்டத்தைத் தொட்டது. வட்டம் செக்கச்செவேலென்று சிவந்தது. லக்சிகாவின் சந்தோசம் அப்படியே பயமாக மாறியது.

"ஐயா, உங்கட உடம்பில தண்ணியே இல்லை! ஓட்டோவைக் கூப்பிடுங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்!"

"எனக்கு ஒண்டுமில்லையே பிள்ளை," என்று ஏரம்பர் விழித்தார்.

பரிமளம் பட்டியைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். பிறகு ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து லக்சிகாவிடம் நீட்டினாள்.

"முதல்ல நீர் இதைக் குடியும். பட்டியை ஒட்டுற பக்கம் மேல வர வைச்சிட்டீர் பிள்ளை, அது உம்மட பெருவிரலிலயெல்லே ஒட்டிக்கிடக்கு!"