கைகளுக்கு வாய் கொடுக்கும் வள்ளல்

பேச முடியாதவர்களைப் பேசவைப்பதற்கென்றே பிறவி எடுத்து வந்த ஓர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. கைகளுக்கு வாய் கொடுக்கும் வள்ளல்கள் என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அடையாளம் காண்பது சுலபம். கையில் மடிக்கணினி, கண்ணில் எந்த நேரமும் வரத் தயாராக நிற்கும் ஈரம், வாயில் ‘நம்மால முடிஞ்ச ஒரு சேவை’ என்ற வாக்கியம். காது கேளாதவர்களின் சைகையைக் கேமராவில் பார்த்து அதைக் குரலாக மாற்றிச் சொல்லும் இயந்திரம் ஒன்றை அவர் செய்துகொண்டிருப்பார். அல்லது செய்து முடித்திருப்பார். அல்லது செய்து முடிப்பதற்குள் அதற்குப் பரிசு வாங்கியிருப்பார். அவர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். காது கேளாத ஒருவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

எனக்குத் தெரிந்த வள்ளலுக்கு ஞானம் பிறந்தது ஒரு பேருந்து நிறுத்தத்தில். சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். நெஞ்சு உருகிவிட்டதாம். “எவ்ளோ சொல்லணும்னு துடிக்கிறாங்க, பாவம், வாய் வரலையே!” என்று ஏறிய மேடையிலெல்லாம் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த இரண்டு பேரும் வீட்டைப் பூட்டாமல் வந்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். சாலைக்கு இந்தப் பக்கம் கண்கலங்கி நிற்கும் ஆசாமியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம். போய்க் கேட்டால்தானே தெரியும்?

மேடையில் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. “எல்லாரும் காதைப் பொத்திக்கங்க. கண்ணையும் மூடிக்கங்க. இதுதான் அவங்க உலகம்!” என்பார். சபை மொத்தமும் கண்ணை மூடிக்கொள்ளும். காது கேளாதவர்கள் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கைதட்டல் மட்டும் பலமாக விழும்.

இயந்திரம் தானாகவே கற்றுக்கொள்ளுமாம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது வலி, இது தண்ணீர், இது நன்றி என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் அதுவே பிடித்துக்கொள்ளுமாம். சரி, யாருடைய கைகளைக் காட்டினார்? தம் அலுவலகத்துக் கணக்காளர், வரவேற்பறைப் பெண், ஓட்டுநர், அப்புறம் மனைவியின் தம்பி என்று மொத்தம் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இணையத்திலிருந்து இறக்கிய ஒரு விளக்கப் படத்தைச் சுவரில் ஒட்டி, எந்த நாட்டுச் சைகை என்றுகூட அதில் போட்டிருக்காத அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, நீலத் திரைக்கு முன்னால் நின்று, நாற்பது சைகைகளைத் தங்களுக்குள் பங்கிட்டு நூற்றுக்கணக்கான முறை செய்து காட்டி, மூன்று நாளில் தோள் வலியோடு வீட்டுக்குப் போனார்கள். முகம் படத்தில் விழக் கூடாது என்று உத்தரவு. “மூஞ்சி தெரிஞ்சா மெஷின் குழம்பும்” என்றார். சைகையில் பேசுகிறவர்களுக்குப் பாதிப் பேச்சு முகத்தில்தான் நடக்கிறது. அதைக் கழுத்தோடு வெட்டி எறிந்துவிட்டார்.

“காது கேக்காதவங்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

“சேச்சே, அவங்களப் போய்த் தொந்தரவு பண்ணலாமா சார்? அதுவும் போக அவங்க ஆளுக்கு ஒரு மாதிரி பண்ணுவாங்க. எனக்கு டேட்டா சுத்தமா இருக்கணும்.”

படப்பிடிப்பின்போது எல்லோரையும் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மைத்துனரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலம் வீட்டில் பதில் சொல்ல வேண்டுமே! மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ‘தண்ணீர்’ என்ற ஒரே சைகையைத் தம் பங்காக எடுத்துக்கொண்டு மைத்துனர் ஒருவரே நூற்றுக்கணக்கான தடவை செய்து முடித்தார், மணிக்கட்டில் தட்டு போன்ற கடிகாரம் மின்ன மின்ன. கற்றுக்கொள்ளும் இயந்திரம் அல்லவா? கற்றுக்கொண்டது. கடிகாரம் தெரிந்தால் தண்ணீர்.

பிறகு பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்று அறிக்கை வந்தது. யாரை வைத்துப் பரீட்சை? அதே பதினோரு பேரை வைத்துத்தான்.

நான் மாதாமாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும் மருத்துவமனையில்தான் அந்த இயந்திரத்தை முதலில் நிறுத்தினார்கள். ஆள் உயரத் திரை, மேலே கேமரா, தரையில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட ஒரு மஞ்சள் கோடு. அதற்கு முந்தின வாரமே சைகை மொழிபெயர்ப்பாளரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் அந்த அம்மாளின் அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. அவருக்குச் சைகைதான் முதலில் வந்த பேச்சு. வள்ளலிடம் இருந்ததோ தொண்ணூற்றெட்டு சதவிகிதம். நிர்வாகி எதைத் தேர்ந்தெடுப்பார்?

திறப்பு விழா முடிந்த கையோடு ஒரு தையல்காரப் பெண் மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளைக்குக் கொதிக்கும் காய்ச்சல். உள்ளே டாக்டர் பார்த்து ஊசி எழுதிவிட்டார். சீட்டில் இருந்த மருந்தின் பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தி, சைகையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

வள்ளலுக்கு ஏற்பட்ட பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! உண்மையிலேயே காது கேளாத ஒருத்தி! அதுவும் போட்டோகிராபர் கிளம்பிப் போவதற்குள்! தோளைப் பிடித்து மஞ்சள் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளைப் பட்டை போட்ட கடிகாரம் கட்டிய கையால் அவள் வேகவேகமாகச் சொன்னாள்.

“தண்ணீர்” என்றது இயந்திரம், இனிமையான பெண் குரலில்.

நர்ஸ் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் டம்ளரைத் தள்ளிவிட்டு, பிள்ளையின் தொண்டையைக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி மறுபடியும் சொன்னாள்.

“தண்ணீர். தண்ணீர். நன்றி.”

நன்றி என்றதும் கூடம் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவள் விடவில்லை. முகமெல்லாம் துடித்தது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் அவள் தாகமென்று சொல்லவில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் எல்லோரும் திரையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்? வள்ளல் மட்டும் அவள் கையைக் கவனித்து முகம் சுளித்தார்.

“இந்தம்மா பண்றது தப்பு. படத்துல இப்படி இல்ல. மெதுவா, ஒண்ணு ஒண்ணா பண்ணச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் எதிரில் நின்று சரியான சைகை எது என்று செய்து காட்டினார். பிறந்த நாளிலிருந்து அவள் பேசிவரும் பேச்சை, மூன்று நாள் படம் பிடித்தவர் திருத்திக்கொடுத்தார்!

அவள் சட்டென்று நர்ஸின் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

“ஐயோ, எழுத விடாதீங்க! எழுதிட்டா அப்புறம் மெஷின் எதுக்கு?” வள்ளல் பேனாவை மெல்ல, மிக மரியாதையாக, அவள் விரல்களிலிருந்து வாங்கி நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து இன்னொரு நர்ஸ் ஊசியோடு வந்து, “பிள்ளைய இப்படித் திருப்புங்கம்மா” என்றார்.

அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போனாள். கைப்பேசியை எடுத்தாள். வீடியோவில் டீச்சரின் முகம் வந்தது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்து, கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, மறு கையால் நாலே நாலு அசைவு. அவ்வளவுதான்.

“அந்த ஊசியப் போடாதீங்க!” என்று கைப்பேசியிலிருந்து டீச்சர் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “போன மாசம் வேற ஆஸ்பத்திரியில இதையே போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சே அடைச்சிருக்கு பிள்ளைக்கு. கால் மணி நேரமா இதத்தான் சொல்லிட்டிருக்காங்களாம். தண்ணி எதுக்குக் கொடுக்கிறீங்கன்னு கேக்கிறாங்க.”

ஊசி தட்டுக்குத் திரும்பிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வள்ளலை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் அவரே நிர்வாகியிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். அந்தம்மா வாட்ச் கட்டிட்டு வந்துட்டாங்க.”

மறுநாள் இயந்திரத்தின் பக்கத்தில் அறிவிப்பு தொங்கியது: ‘பேச வருபவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் பேசவும்.’ அடுத்த மாதக் கூட்டத்தில் வள்ளல் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: “திறந்த முதல் நாளே ஒரு குழந்தையோட உயிர் காப்பாத்தப்பட்டுச்சு. அந்தத் தாய் முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? நன்றி!” சபை எழுந்து நின்று தட்டியது. டீச்சரையும் கூப்பிட்டார்களாம், இயந்திரத்துக்கு ஓய்வு நேரத்தில் நாலு சைகை கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி. அவர் வரவில்லை என்பதில் வள்ளலுக்கு மிகுந்த வருத்தம். சேவை மனப்பான்மை குறைந்துகொண்டே போகிறதாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரம் இதைப் படித்துக்கொண்டு வந்தபோது உங்கள் மனசு என்ன செய்துகொண்டிருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைத்துனரைக் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லியிருக்கலாமே, முகத்தையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கலாமே, பதினோரு பேருக்குப் பதில் ஆயிரம் பேரை நிறுத்தியிருக்கலாமே என்று அந்த இயந்திரத்தை வரிக்கு வரி திருத்திக்கொண்டுதானே வந்தீர்கள்? தவறில்லை, நல்ல மனசு. வள்ளலுக்கும் நல்ல மனசுதான்.

அந்தக் காய்ச்சல் பிள்ளை நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.