எஞ்சினுக்கு மூச்சு முட்டியபோது

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டடை அடிப்பதில்லை என்று வைராக்கியமாக முடிவெடுத்தேன். முடிவெடுப்பது எனக்குப் புதிதல்ல. அதை மனைவியிடம் சொல்வதுதான் புதிது. அதனால் சொல்லவில்லை. நல்ல காரணம் ஒன்று மாட்டட்டும் என்று காத்திருந்தேன்.

மாட்டியது. என் மோட்டார் சைக்கிளே கொடுத்தது.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்த மெக்கானிக், அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்பக்கம் வெளுப்பாக நுரை. பால் கூடிப்போன காபி மாதிரி.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு சார். எஞ்சினுக்குள்ள நீராவி சேரும். அது வெளியே போறதுக்குத்தான் இந்த ட்யூப். இது வழியாத்தான் எஞ்சின் மூச்சு விடும். அது அடைச்சுக் கிடக்கு. போதாததுக்கு, வண்டி சூடாகறதுக்கு முன்னாடியே நீங்க நிறுத்திடறீங்க. ஆவி எப்படிப் போகும்?"

ட்யூபைச் சுத்தம் செய்து, எண்ணெயை மாற்றிக் கொடுத்தார். "இனிமே தூரமா ஓட்டுங்க. இல்லேன்னா திரும்ப வெளுத்துடும்."

ஞாயிறு காலை. மனைவி ஒட்டடைக் கம்போடு வந்தபோது நான் ஹெல்மெட்டோடு நின்றேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. ரொம்ப தூரம் ஓட்டி ஆவியை வெளியேத்தணும்."

"தினமும்தான் ஆபீசுக்கு ஓட்டறீங்களே?"

"அது ஒரு ஓட்டமா? ரெண்டு தெரு. சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடுது."

"சூடாகலேன்னா என்ன?"

"தண்ணி ஆயில்ல கலந்து, உள்ளே எல்லாம் தேஞ்சு போயிடும். எஞ்சினே காலி."

"தினமும் தூரமா ஓடினா?"

"ராஜா மாதிரி இருக்கும்."

"நிஜமாவா?"

"மெக்கானிக்கே சொன்னார்."

"சரி, போயிட்டு வாங்க."

சண்டை போடாமல் அனுப்பினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். ஊரைச் சுற்றிவிட்டு, சீட்டியடித்தபடி திரும்பினேன்.

அவள் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். ரெண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் வருவாள். லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஆனால் "ரெண்டு கை பட்டா வண்டி கெட்டுடும்" என்று சாவியை நான் இடுப்பை விட்டு இறக்கியதில்லை.

திங்கட்கிழமை சாவியைக் காணோம். வாசலில் என் ஹெல்மெட்டுக்குள் அவள் தலை இருந்தது.

"என்ன இது?"

"உங்க ஆபீஸ் ரெண்டு தெரு. என் லேப் ஊருக்கு அந்தக் கோடி. எது தூரம்?"

"லேப்தான்."

"எஞ்சின் சூடாகணுமா, வேண்டாமா?"

"சூடாகணும். ஆனா நான் எப்படிப் போறது?"

"நடந்து போங்க. உங்களுக்கும் கொஞ்சம் ஆவி வெளியே போகட்டும்."

தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை. எல்லாவற்றையும் முந்தின நாள் நானே அடைத்து வைத்திருந்தேன்.

நடந்தேன். ஆபீசில் வண்டி எங்கே என்றார்கள். "ரிப்பேர்" என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஒட்டடை இப்போது சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. அன்று அவளுக்கு வேலை, எனக்கு விடுமுறை.

சில மாதம் கழித்து ரெண்டு பேருமாக மெக்கானிக்கிடம் போனோம். மூடியைத் திறந்தார். பளிச்சென்று இருந்தது.

"நுரையே இல்ல. இப்பத்தான் சார் நீங்க வண்டி ஓட்டவே கத்துக்கிட்டிருக்கீங்க."

நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

"ஓட்டறது நான்தாங்க," என்றாள் மனைவி. "இவர் பின்னாடி உட்காருவார். இப்போ ஓரளவுக்கு நல்லாவே பிடிச்சுக்கறார்."