கத்தரிக்கோல் ரசிகர்

படத்தைப் பார்த்துவிட்டு, செய்தவர் யார் என்று கேட்பவர்கள் ஒரு வகை. செய்தவர் யார் என்று தெரிந்த பிறகுதான் படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது வகையில் ஒருவரைத்தான் இன்று உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். கையில் கத்தரிக்கோல் இல்லாதவரை ஆபத்தும் இல்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். எந்தப் படத்தையும் 'நல்லா இருக்கு' என்று சொல்ல மாட்டார். அது நீங்களும் நானும் சொல்வது. இவர் இரண்டடி பின்னால் போவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சட்டம் கட்டி அதற்குள் படத்தை மாட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், கடைசியில் "இதுல ஒரு டென்ஷன் இருக்கு" என்பார். எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். காட்ட ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் பஸ் நண்பர் ஞானசேகரன் இந்த வகையில் முதல் தரம். வீடு சிதம்பரம், வேலை கடலூரில் ஒரு அலுவலகத்தில். போன வருஷம் வரை எல்லோரையும் போல முழங்கால் வலி, முந்திரி விலை, வீராணம் ஏரியின் தண்ணீர் மட்டம் என்று நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்த மனிதர்தான். யாரோ சொன்னார்கள் என்று, ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். பெரிய பெரிய கலைஞர்கள் வழியாகக் கொலாஜையும் போட்டோமோன்டாஜையும் ரசிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. கொலாஜ் என்றால் பல காகிதங்களை வெட்டி ஒட்டிச் செய்யும் படம். அதையே போட்டோக்களை வைத்துச் செய்தால் போட்டோமோன்டாஜ். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். ஞானசேகரன் சிதம்பரத்தில் ஆரம்பித்தால் ஆலப்பாக்கம் தாண்டும்வரை சொல்வார்.

வாரம் ஒரு கலைஞர். மத்தீஸ் நடந்த வாரம், முதுமையில் நிற்க முடியாமல் அவர் வண்ணக் காகிதங்களைக் கத்தரித்தார் என்று கேள்விப்பட்டு, இவரும் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கத்தரித்தார். மனைவி இளமதியின் புது ஜாக்கெட் துணியும் அதில் போயிற்று. கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் தெருவில் கிடக்கும் பயணச்சீட்டுகளையும் குப்பைக் காகிதங்களையும் ஒட்டியே பேர் வாங்கியவர் என்று தெரிந்த வாரம், பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை வாங்கினார், மடியில் வைத்திருந்த அட்டையில் பசை தடவினார், தலைகீழாக ஒட்டினார், அதன் மேல் ஒரு கடலைமிட்டாய்த் தாளையும் ஒட்டினார். புதுச்சத்திரத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். ஞானசேகரன் அட்டையை நீட்டினார். பரிசோதகர் கடலைமிட்டாய்த் தாளைச் சுரண்டிப் பார்த்தார். "சுரண்டாதீங்க சார், அது ஒர்க்கு" என்றார் நம்மவர். எங்களுக்கு அன்றைக்கு பஸ் கால் மணி நேரம் தாமதம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஹன்னா ஹோக் நடந்த வாரம்தான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. நூறு வருஷத்துக்கு முன் பெர்லினில் பத்திரிகைப் படங்களை வெட்டி, இவர் தலையை அவர் உடம்பிலும், அவர் கண்ணை ஒரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒட்டி ஆட்சியாளர்களைக் கேலி செய்த பெண்மணி. கெட்டிக்காரி. எனக்கே பிடித்திருந்தது. அந்த வாரம் பார்த்து, குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்ட ஞானசேகரனின் தங்கை மங்கலம் போன் செய்தாள். அவள் மகள் சுவேதாவுக்குக் காதுகுத்து. மண்டப வாசலுக்கு பேனர் அடிக்க வேண்டும்.

நம் பக்கத்துக் காதுகுத்து பேனர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே சாமி, அதற்குக் கீழே சாமியாகிவிட்ட தாத்தாக்கள், நடுவில் குழந்தை, பக்கத்தில் கைகூப்பியபடி தாய்மாமன், அப்புறம் வயசு வாரியாகப் பங்காளிகள், அடியில் கூலிங்கிளாஸ் போட்ட இளவட்டங்கள். யார் தலை யாருக்கு மேலே, யார் தலை எவ்வளவு பெரிசு என்பதெல்லாம் சாதாரண விஷயமா? ஒரு தலை விட்டுப்போனால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு மொய் எழுத வராது. ஞானசேகரன் இதே பேனர்களைப் பார்த்து "ரசனை கெட்ட ஜனங்க" என்று பஸ் ஜன்னல் வழியாகப் புலம்பிக்கொண்டே வருபவர். தலையை வெட்டி இன்னொரு உடம்பில் ஒட்டுவது பெர்லினில் நடந்தால் கலை, திருப்பாதிரிப்புலியூரில் நடந்தால் கண்ணராவி. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அடியில் கலைஞர் பெயர் இல்லையே என்றார்.

பேனரைத் தானே செய்வதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்தார். மங்கலம் பூரித்துப்போனாள். தாய்மாமன் சீர்வரிசையோடு பேனரும் கொண்டுவருகிறார் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். சீர் வேன் போய்ச் சேருவதற்கு முன்பே மண்டப வாசலில் பேனர் ஏறிவிட்டது. நடுவில் ஒரு பிரம்மாண்டமான காது. காதுகுத்து அல்லவா. காதுக்குள்ளிருந்து நெய்வேலிப் புகைபோக்கி ஒன்று கிளம்பியது. சுற்றிலும் சொந்தக்காரர்களின் வாய்கள் மட்டும் பறந்தன. சுவேதாவின் அப்பா இளவரசு, ஒரு கண்ணாக முந்திரிக் கொட்டையில் உட்கார்ந்திருந்தார். இளவரசுவின் அண்ணன் கோவிந்தசாமி, சுவேதாவுக்குப் பெரியப்பா, அந்தக் குடும்பத்துக்கே பெரியவர், நெற்றியிலிருந்து மீசை வரைக்கும் வெட்டப்பட்டு ஒரு பக்கத்திலும், மிச்சம் ஒரு கரும்புக்கட்டுக்கு மேலேயும் இருந்தார். அடியில் கொட்டை எழுத்தில் ஞானசேகரன் என்று கையெழுத்து. அது மட்டும் முழுசாக இருந்தது.

நாங்கள் சீர்த் தட்டுகளோடு இறங்கி நின்றோம். மேளம் முழங்கியது. ஆரத்தி எடுக்க ஒருவரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேளமும் நின்றது. தட்டு தூக்கிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் கோவிந்தசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் முன்புதான் புதுச்சேரியில் இருதய ஆபரேஷன் முடித்து வந்தவர். அண்ணாந்து பேனரில் தன் மீசையைப் பார்த்தார், பிறகு மிச்சத்தைப் பார்த்தார்.

"நெஞ்ச அறுத்து உசுரு பொழச்சு வந்துருக்கேன் மச்சான். நீ தலைய அறுத்துட்டியே" என்றார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? காலில் விழுவான். நம்மவர் இரண்டடி பின்னால் போனார், தலையைச் சாய்த்தார், விளக்க ஆரம்பித்தார். முகத்தை உடைப்பது அவமானம் இல்லை, அது ஒரு பார்வை, பெர்லினில் ஹன்னா ஹோக் என்று ஓர் அம்மா இருந்தார், அவர் மந்திரிகள் தலையையே வெட்டியவர் என்றெல்லாம் சொன்னார். கோவிந்தசாமி பொறுமையாகக் கேட்டார்.

"அந்தம்மா அவுங்க பெரியப்பா தலைய வெட்டுனாங்களா?"

ஞானசேகரன் சாய்த்த தலையை நிமிர்த்தினார். அந்த வாரக் குறிப்பில் அது வரவில்லை போலிருக்கிறது.

பிறகு நடந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை. தலையறுத்தவன் மடியில் குழந்தையை உட்கார வைக்க மாட்டோம், வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திக்கொள்கிறோம் என்று கோவிந்தசாமி சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாக வாசலில் நிற்க, இன்னொருவர் மடியில் மகளுக்குக் காது குத்தினால், ஒரு பெண் அந்த வீட்டில் அதன்பிறகு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? மங்கலம் பட்டுப்புடவையோடு தூணோரம் நின்று அழுதாள். "எங்கண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சாரு" என்று தன் புருஷனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகுதான் ஞானசேகரனின் மூடிய கண் திறந்தது. தட்டுத் தடுமாறி, தப்புத்தான் மச்சான் என்று கும்பிட்டார். கோவிந்தசாமி திரும்பிக்கொண்டார்.

காரியத்தைச் செய்தவள் இளமதி. அவள் எந்த வகுப்பிலும் சேராதவள். பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த ஃபிளெக்ஸ் கடைக்கு ஆட்டோவில் போனாள். கையிலிருந்த செல்போனில் யார் யார் தலை கிடைத்ததோ அதையெல்லாம் கொடுத்தாள். நல்ல நேரம் முடிவதற்குள் புது பேனர் வந்து, பழையதன் மேலேயே கட்டப்பட்டது.

என்ன பேனர் என்கிறீர்கள்! எல்லாத் தலைகளும் கடைக்காரர் கைவசம் வைத்திருந்த ஒரே கோட் சூட் உடம்பின் நகல்களில் உட்கார்ந்திருந்தன. பின்னால் சிதம்பரம் கோபுரம், அதற்குப் பின்னால் பனிமலை, ஓரத்தில் ஒரு புலி, மேலிருந்து ரோஜாப்பூ மழை. கோவிந்தசாமி எழுந்து வந்து, தாத்தாக்களுக்கு நேர் கீழே தன் தலை முழுசாக இருப்பதைக் கண்டுபிடித்தார். கோட்டுக்குள் அகலமாக விரிந்திருந்த அந்த இரவல் மார்பை வெகுநேரம் பார்த்தார்.

"நெஞ்சு நல்லா வந்துருக்கு" என்றார். "ஆரத்திய எடுத்தாரச் சொல்லு."

மேளம் திரும்ப ஆரம்பித்தது. சுவேதா தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு அலறி, இரண்டாவது காதுக்கு அவர் சட்டையைக் கிழித்தாள். மங்கலம் அழுதுகொண்டே சிரித்தாள்.

பந்தியில் ஞானசேகரனைக் காணோம். தேடிக்கொண்டு போனால், கிழிந்த சட்டையோடு வாசல் வெயிலில் பேனர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பின்னால் போகவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, இரண்டு கண்களும் திறந்திருந்தன. அடடா, மனிதர் முதல் தடவையாக ஒரு படத்தைப் பெயர் கேட்காமல் பார்க்கிறாரே, ரசனை என்பது இதுதானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கிட்டே போய் நின்றேன்.

"சார், கொஞ்சம் நல்லா பாருங்க" என்றார். "கோவிந்தசாமி மச்சான் தலையவிட என் தலை சின்னதா இல்ல?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக உங்கள் வீட்டு விசேஷத்தின் குரூப் போட்டோ வந்தபோது முதலில் யாரைப் பார்த்தீர்கள்? மாப்பிள்ளையையா, பெண்ணையா? அது போகட்டும். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இது நம் மச்சான் ஒருவரைப் பற்றியது என்று நினைத்து, அவர் முகத்தை இந்த உடம்பில் ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். பொருந்தியும் இருக்கும். ஆனால் கழுத்தோரம் வெட்டிய இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடியில் இருப்பது யாருடைய சட்டை?