ஆமைப்பொற்றையின் ஏழாம் பட்டன்

குறையே இல்லாத ஊர் ஒன்று இந்தப் பூமியில் உண்டென்றால் அது ஆமைப்பொற்றைப் பேரூராட்சிதான். வாய்க்கு வந்ததைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒன்பது மாத அறிக்கைகள், மும்மூன்று நகல்களில், முத்திரையோடு சொல்கின்றன: ‘பெறப்பட்ட புகார்கள்: இல்லை.’ இந்த அற்புதத்தை நிகழ்த்தியவர் செயல் அலுவலர் ராஜகுமார். துணை நின்றது அவர் மேசைமேல் வீற்றிருந்த குரல் அஞ்சல் பெட்டி.

பொதுமக்கள் இனி வெயிலில் வந்து நிற்க வேண்டாம். போன் செய்து குறையைச் சொன்னால் போதும், பெட்டி பதிந்துகொள்ளும். அதைக் கேட்க வேண்டியது தற்காலிகக் கணினிப் பணியாளர் ஜெபகனியின் வேலை. ரகசியம் கருதி, பெட்டியிலுள்ள பட்டன்களில் 7777 என்று அழுத்தினால்தான் அது வாய் திறக்கும். ஏழு ராஜகுமாரின் ராசி எண். போன அக்டோபர் ஆயுத பூசை கழிந்த மறுநாள் ஏழாம் பட்டன் அழுந்தவில்லை. அன்றிலிருந்து பெட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும், எதையும் வெளியே விடாது. ஓர் அலுவலகத்துக்கு இதைவிட உத்தமமான ஊழியர் கிடைப்பாரா?

ஜெபகனிக்கு மட்டும் இந்தப் பெருமையில் நாட்டமில்லை. காரணம், அவளுடைய கொல்லவிளைத் தெருவில் பைப்பு உடைந்து குழாயில் தண்ணீர் வந்து மாதங்களாகின்றன. விடிந்தால் நாலு குடம் சுமந்துவிட்டுத்தான் அவள் அலுவலகத்துக்கு வருவாள். பக்கத்து வீட்டுச் செல்லபாய் அவளை வழியிலேயே மறிப்பாள்.

“ஏட்டி ஜெபகனி, நேத்தும் உனக்க பெட்டிகிட்ட செல்லியாச்சு. கேட்டியா?”

“இல்ல மாமி. ஏழு அழுந்தல்ல.”

“பின்ன நேர உன்கிட்டயே செல்லுதேன். பைப்பு ஒடஞ்சு வெள்ளம் பூரா ஓடையில போவுது. கொடம் சொமந்து எனக்க கால்முட்டுல தேய ஒண்ணும் பாக்கி இல்ல. எழுதிக்கோ.”

ஜெபகனி எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். ராஜகுமார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

“பெட்டியில பதிஞ்சா அது புகாரு. வழியில வச்சு சொன்னா அது பேச்சு. பேச்சுக்கெல்லாம் நடவடிக்கை எடுக்க முடியுமாம்மா?”

இருந்தாலும் அலுவலகம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ‘எண்விசை அழுத்த ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. அலுவலக உதவியாளர் இசக்கி கட்டைவிரலால் அழுத்தினார். வரி வசூலிப்பவர் பேனா மூடியால் அழுத்தினார். வாட்டசாட்டமான ஒருவர் துப்புரவுப் பிரிவிலிருந்து வரவழைக்கப்பட்டு அழுத்தினார், மேசைதான் ஆடியது. ‘விசை உள்ளது, அழுத்தம் உள்ளது, இரண்டுக்கும் ஒத்துழைப்பு இல்லை’ என்று குழு பதினான்கு பக்கத்தில் முடிவு கூறியது.

ஜெபகனி சென்னையிலுள்ள உதவி எண்ணுக்குப் பேசினாள். “ரகசிய எண்ணை மாற்ற, பழைய ரகசிய எண்ணை அழுத்தவும்” என்றது தேன் குரல். “உதவிக்கு, உங்கள் பெட்டியில் ஏழை அழுத்தவும்.” ஏழை அழுத்துவது அலுவலகங்களுக்குப் புதிய வேலை அல்ல. ஆனாலும் இந்த ஏழு மசியவில்லை.

இந்தச் சோதனையிலும் ராஜகுமாரின் பக்தி தளரவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். மாதக் கடைசி நாளில், அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்குத் தனியாகப் பூசை செய்வார். வெளியே சந்தனம் மணக்கும். “இப்படி ஒரு ஆபீசர் எந்த ஊருல கிட்டும்!” என்று இசக்கி கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பக்தி வீண் போகுமா? ‘புகாரற்ற பேரூராட்சி’ விருதுக்கு ஆமைப்பொற்றை பரிந்துரைக்கப்பட்டது. பார்வையிட நாகர்கோவிலிலிருந்து குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஜெபகனி கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தாள்: ‘பெட்டி பேசுவதைக் குழு கேட்க விரும்பினால் என்ன செய்வது? பழுது பார்ப்பவரை அழைக்கலாமா?’ ராஜகுமார் தம் வழக்கப்படி படிக்காமலே ‘ஆவன செய்க’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

குழு வரும் நாள் காலையில் தக்கலையிலிருந்து பழுது பார்க்கும் அனீஷ் திருப்புளியோடு வந்து நின்றான்.

“பூசை செய்த பொருளத் தொடப்பிடாது!” என்று ராஜகுமார் எழுந்தார்.

“நீங்க ஒப்பு போட்ட பேப்பர் இருக்கு சார்” என்றபடி அனீஷ் ஏழின் மூடியை நெம்பி எடுத்துவிட்டான். உள்ளே மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தது. கத்தி முனையால் சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காக வந்தது.

“சந்தனமாக்கும். ஒண்ணு, ரெண்டு... ஒம்பது அடுக்கு இருக்கு சார். கடைசி அடுக்கு இன்னும் ஈரம் காயல்ல. இஞ்ச வருசத்துக்கு எத்தன ஆயுத பூசை?”

இசக்கி பதறிப்போனார். “இசக்கியம்மன் சத்தியமா நான் ஒரு பொட்டுதான் வச்சேன்! அதுவும் பெட்டிக்க நெத்தியில!”

அறையில் எல்லாரும் செயல் அலுவலரின் மோதிர விரலைப் பார்த்தார்கள். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டார்.

அனீஷ் மூடியைச் சும்மா வைத்து நான்கு முறை தட்டினான். பெட்டி ஒன்பது மாத மௌனத்தைக் கலைத்தது: “உங்களுக்கு அறுநூற்றுப் பதினேழு தகவல்கள் உள்ளன. அனைத்தையும் அழிக்க, ஏழை அழுத்தவும். கேட்க, காத்திருக்கவும்.”

அவ்வளவும் செல்லபாயும் தெருவும் தொண்டை வறளச் சொன்னவை. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. மேசையைச் சுற்றிவர நேரமில்லாமல், ராஜகுமார் அதன்மேல் வயிறு பதியப் பாய்ந்தார். அவர் விரல் வந்து சேருமுன் ஜெபகனி ஏழின் மூடியைப் பெயர்த்தெடுத்து, சுரண்டிப் போட்டிருந்த ஈரச் சந்தனத்தை அள்ளிக் குழியில் அமுக்கி, மூடியைத் திரும்ப வைத்தாள்.

“மன்னிக்கணும் சார்” என்றாள். “பூசை முடங்கப்பிடாதுல்லா.”

ராஜகுமார் அழுத்தினார். கட்டைவிரலால் அழுத்தினார், பேனா மூடியால் அழுத்தினார், மேசை ஆடியது. பெட்டி காத்திருந்து பார்த்துவிட்டு, விருதுக் குழு படியேறும் நேரத்தில் முழுக் குரலில் தொடங்கியது: “ஏட்டி ஜெபகனி, செல்லபாய் பேசுதேன், இஞ்ச கொழாயில வெள்ளம் வந்து மூணு நாளாச்சு...”

ஒன்று முடிய அடுத்தது. இன்னும் அறுநூற்றுப் பதினாறு பாக்கி. ஒன்பது மாதம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பூசிய சந்தனம், அன்றைக்குத்தான் முதன்முதலாக மக்கள் பணியில் சேர்ந்தது.